யுத்தச் செலவு யார் கணக்கில்?



இரயில்வேயில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் அடிக்கடி என் மேசைக்கு வந்த காகிதம் இராணுவ வாரண்டு. படைவீரர் கையில் காசு கொடாமல் வண்டி ஏறுவார். கட்டணம் பிற்பாடு பாதுகாப்பு இலாகாவின் கணக்கில் பற்று எழுதப்படும். யார் கணக்கில் எழுதுவது என்ற அந்தச் சிறு கேள்விதான் ஒரு காலத்தில் இத்தேசத்தின் வயிற்றையே தொட்டது.

வெள்ளையர் ஆட்சியில் இந்தியப் படை கடல் கடந்தும் போரிட்டது. செலவில் நம் பங்கு எவ்வளவு என்பது நெடுநாளைய வழக்கு. கார்ரான் தீர்ப்பாயம் ஆராய்ந்த பிறகு, 1933 முதல் ஆண்டுக்கு 15 லட்சம் பவுன் தரப் பிரிட்டன் இசைந்தது. யுத்தம் மூண்டதும், 1939 நவம்பரில் விரிவான உடன்படிக்கை ஏற்பட்டது. சமாதான காலச் செலவாக ஆண்டுக்கு 36.77 கோடி ரூபாய், அதன் மீதான விலையேற்றம், இந்தியாவின் சொந்த நலனுக்கான போர் ஏற்பாடுகள், வெளிநாடு சென்ற படைக்காக ஒரே தொகையாக 1 கோடி ரூபாய் – இவை நம்முடையவை. மிஞ்சியது பிரிட்டனுடையது.

போர் இத்துணை பெருகுமென்று இலண்டனில் எவரும் எண்ணவில்லை போலும். ஜப்பான் போரில் இறங்கியபின் பிரிட்டனின் பற்று மலைபோல் வளர்ந்தது. பிரதமர் சர்ச்சில் சினந்தார். எதிர்க்கோரிக்கை எழுப்ப விழைந்தார். இந்தியா மந்திரி அமெரியும், வைஸ்ராய் லின்லித்கோவும், நிதி அங்கத்தினர் ரெய்ஸ்மனும் இணங்கவில்லை. நம்மை ஆண்டவர்களே நம் பக்கம் வாதாடினார்கள் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும், ஏட்டில் வென்றதை அடுப்பில் தோற்றோம். பிரிட்டன் தர வேண்டிய பவுன், இலண்டனில் ரிசர்வ் வங்கியின் பேரில் வரவு வைக்கப்பட்டது. அதனை ஈடாகக் கொண்டு இங்கே ரூபாய் நோட்டு அச்சாயிற்று. சரக்கு போர்முனைக்குப் போயிற்று, நோட்டு ஊரில் தங்கிற்று, விலைவாசி ஏறிற்று. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டதற்குப் பல காரணங்களுள் இவ்விலையேற்றமும் ஒன்று.

போர் முடிந்தபோது நமக்கு வர வேண்டியது சுமார் 130 கோடி பவுன். 1948இல் இலண்டன் சென்று பேசியவர் நம் கோயம்புத்தூர்க்காரர், நிதி மந்திரி ஆர். கே. சண்முகம் செட்டியார். பிரிட்டன் இங்கே விட்டுச்சென்ற இராணுவத் தளவாடங்களுக்காக 10 கோடி பவுன் கழிக்கப்பட்டது. ஆங்கில அதிகாரிகளின் ஓய்வூதியத்திற்கு அதனினும் பெருந்தொகை போயிற்று. மீதியும் தவணை தவணையாகவே விடுவிக்கப்பட்டது. அதற்குள், 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பே டாலருக்கு எதிராக 30 சதவிகிதம் குறைக்கப்பட்டது. டாலர் கொடுத்துத் தானியம் வாங்கச் சென்றபோது, அந்த வரவு பழைய வரவாக இல்லை.