வரி விளையும் நிலம் எது?



நகர் என்று ஒன்று இருந்தால் அதற்கு வரி வேண்டும். தெருவிளக்கு எரியவும், குடிநீர் வரவும், சாய்கடை துப்புரவாகவும், குப்பை அகலவும் பொருள் வேண்டும். வரியே கூடாது என்பது ஆட்சியே கூடாது என்பதனை ஒக்கும். எனவே, தஞ்சையின் வரிவருவாய் பெருக வேண்டுமா என்பதன்று கேள்வி. அஃது எதனின்று பெருக வேண்டும் என்பதே கேள்வி. 1866-இல் நகராட்சியாகி 2014-இல் மாநகராட்சியாக உயர்ந்த தஞ்சையின் புறத்தே சென்று பார்ப்பார்க்கு இக்கேள்வியின் கூர்மை விளங்கும். நேற்று நாற்று நட்ட வயலில் இன்று எல்லைக்கல் நடுகின்றனர்.

இக்கேள்விக்குரிய பழைய விடையொன்று தஞ்சைப் பெரிய கோயிலின் கற்சுவரிலேயே இருக்கின்றது. முதலாம் அரசராசன் அக்கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலக்கணக்கு அங்கு வெட்டப்பெற்றுள்ளது. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு என்று முதலிற் கூறி, அதினின்று ஊர்நத்தத்தைக் கழிக்கின்றனர், குளங்களைக் கழிக்கின்றனர், ஊரின் ஊடே செல்லும் வாய்க்கால்களைக் கழிக்கின்றனர், சேரிகளையும் சுடுகாட்டையும் கழிக்கின்றனர். இவையெல்லாம் இறையிலி. எஞ்சிய நிலத்துக்கே இறை. குடியிருக்கும் இடத்துக்கு வரியில்லை. நீர் நிற்கும் இடத்துக்கும் நீர் செல்லும் இடத்துக்கும் வரியில்லை. விளையும் இடத்துக்கே வரி. விளைவு பெருகினாலன்றி அரசின் வருவாய் பெருகாது என்னும் நிலை அன்றிருந்தது. ஆகலின், வாய்க்காலைக் காப்பது அரசின் பொருளைக் காப்பதாகவே முடிந்தது.

அக்கால ஆட்சி குற்றமற்றது என்று எவரும் கருதிவிட வேண்டா. வரி செலுத்தாதார் நிலத்தை விற்றுவிட அதே அரசராசன் ஆணையிட்டதையும் கல்வெட்டே கூறுகின்றது. ஊரின் உள்ளே குடியிருப்பும் சேரியுமாகப் பிரிந்து கிடந்த கொடுமையும் அக்கணக்கிலேயே பதிந்துள்ளது. பழைமையைப் போற்றுவதற்காக அன்று, வரி எங்கே விளைகின்றது என்னும் அறிவைப் பெறுவதற்காகவே அக்கல்லைப் படித்தல் வேண்டும்.

இன்று அம்முறை தலைகீழாகிவிட்டது. வேளாண்மை நடக்கும் வயலுக்கு மாநகராட்சி வரி பெறுவதில்லை. அது பெறுவன வீட்டுவரியும், வெற்றுமனை வரியும், தொழில்வரியுமே. ஒரு வேலி நன்செய், அதாவது இருபது மா நிலம், ஆண்டுதோறும் நெல் விளைத்து நூற்றுக்கணக்கான வாய்களுக்குச் சோறிடுகின்றது. ஆயினும் நகரின் கணக்கேட்டில் அதன் வருவாய் சுழி. அதே ஒரு வேலியைத் துண்டுபோட்டு மனையாக்கிவிட்டால், அன்று தொடங்கி ஆண்டுதோறும் வரி! இக்கணக்கின்படி நகருக்கு ஊதியம் வயல் அழிவதிலேயே உள்ளது. எந்தத் தனி அலுவலரும் தீயவர் அல்லர், கணக்கே தீயது.

இக்கணக்கை வகுத்தவர் யார்? தில்லியே என்க. ஒருவர் செலுத்தும் தொழில்வரி ஆண்டுக்கு 2,500 உருபாவுக்கு மேற்படலாகாது என்று 1988-இல் அரசியலமைப்பைத் திருத்தி வரம்பு கட்டினர். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், விலைவாசி பன்மடங்கு ஏறியும், அவ்வரம்பு உயரவில்லை. 2017-இல் வந்த சரக்கு, சேவை வரி மாநிலத்தின் விற்பனை வரியுரிமையைப் பெரும்பாலும் விழுங்கிற்று. பின்னர், உள்ளாட்சிகளுக்கு நல்கை வேண்டுமாயின் சொத்துவரியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று பதினைந்தாம் நிதிக்குழு கட்டுவித்தது. 2022-இல் தமிழகத்து நகரங்களில் வீட்டுவரி உயர்ந்ததன் பின்னணி இதுவே. சென்னை நீங்கலான பிற நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடும் வரி ஏறியது. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, வீட்டுவரி என்னும் ஒரே கதவைத் திறந்து வைத்தால் நகர் எவ்வழிச் செல்லும்? வயலை நோக்கியே செல்லும்.

இதனால் வரும் இழப்பு நெல்லோடு நிற்பதன்று. தமிழர்தம் காவிரி உரிமையே இதில் அடங்கியுள்ளது. 2007-இல் நடுவர் மன்றம் தமிழகத்துக்கு நீரளவை வகுத்தபோது ஏறத்தாழ 24.71 இலக்கம் ஏக்கர் பாசனநிலத்தைக் கணக்கிற் கொண்டே வகுத்தது. அன்று 419 டி.எம்.சி. என்றிருந்த பங்கு, 2018-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 404.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது. நிலத்தடி நீரையும் பெங்களூரின் குடிநீர்த் தேவையையும் காட்டியே குறைத்தனர். நாளை, 'உங்கள் நிலம்தான் வீடாகிவிட்டதே, நீர் எதற்கு?' என்று கேட்பாராயின் தமிழர் என்ன விடை கூறுவர்? நீருக்காகத் தெருவில் போராடுவோர், அந்நீர் பாயவேண்டிய நிலத்தைப் பக்கத்துத் தெருவிலேயே விற்றுக்கொண்டிருத்தல் முரண் அன்றோ?

2020-இல் இயற்றிய வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் எண்ணெய், எரிவளித் துரப்பணத்தையும், செம்பு, இரும்பு உருக்காலைகளையும், தோல் பதனிடும் ஆலைகளையும் இம்மண்ணில் புதிதாகத் தொடங்கவொட்டாமல் தடுத்தது. மக்கள் போராட்டத்தால் விளைந்த நன்மை அது. ஆனால் அச்சட்டத்தின் தடைப்பட்டியலில் வீட்டுமனைப் பிரிவு இல்லை. துரப்பணப் பொறி செய்யாததை எல்லைக்கல் ஓசையின்றிச் செய்து முடிக்கும்.

ஆயின், தஞ்சை வளர வேண்டாவா? வளர வேண்டும், வளரும் இடமும் வகையும் அறிந்து வளர வேண்டும். நகரின் தென்மேற்கே வல்லத்து மேட்டுநிலம் கிடக்கின்றது, செம்மண் நிலம். 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் வல்லம் செல்லும் அம்மேட்டுப் பக்கத்திலேயே அமைந்தது. வீடும் தொழிலகமும் அத்திசையில் எழட்டும். வடக்கே வடவாறும் வெண்ணாறும் பாயும் வயல்வெளி வயலாகவே இருக்கட்டும்.

அடுத்தது தொழில். கொள்முதல் நிலையங்களில் வாங்கும் நெல்லில் பெரும்பகுதி, மூட்டை மூட்டையாகச் சரக்குத் தொடர்வண்டியில் ஏறிப் பிற மாவட்டத்து ஆலைகளுக்குப் போகின்றது. நூறு பங்கு நெல்லில் ஏறத்தாழ இருபது பங்கு உமி. எட்டுப் பங்கு தவிடு. உமியில் எரியாற்றல் உண்டு. தவிட்டில் எண்ணெய் உண்டு. அவலும் பொரியும் மாவும் ஆக்கி விற்கலாம். 1967-இல் திருவாரூர் அரிசியாலையின் ஆய்வுக்கூடமாகத் தோன்றிப் பின்னர்த் தஞ்சைக்கு வந்த நெல் ஆய்வு நிலையம், 2021-இல் நாட்டளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக உயர்ந்து இங்கேயே நிற்கின்றது. அறிவும் இங்கே, நெல்லும் இங்கே. அரைவைக் கூலி மட்டும் வெளியூருக்கா? ஆலை மேட்டுநிலத்தில் எழுந்தால் கட்டடவரியும் தொழில்வரியும் உள்ளூர்க்கே வரும். உழவர் பிள்ளைகட்கு வேலையும் வரும். வயல் செழிக்கச் செழிக்க நகரின் வரியும் செழிக்கும்.

மூன்றாவது, பங்கீடு. சூழவுள்ள ஊராட்சிகள் வாய்க்காலையும் வயலையும் காப்பதாலேயே நகரில் வெள்ளம் வடிகின்றது. கிணற்றில் நீர் ஊறுகின்றது. அவ்வூராட்சிகட்கு நகர்வரியில் ஒரு பங்கு அளிப்பது கொடையன்று, கடன். இதற்கு வேண்டிய வரியுரிமை தமிழகத்துக்கு மீளவேண்டும். தன் வரியைத் தானே வகுக்க இயலாத நாடு, தன் வயலையும் தானே காக்க இயலாது.

யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகத் தந்தால் சிறுநிலமும் பன்னாட்குப் போதும். யானையே வயலில் புகுந்தால் உண்பதினும் மிதிபடுவதே மிகும் என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் அறிவுறுத்தினார். அன்று அரசன் வரி கொள்ளும் முறைக்குச் சொன்ன அறிவுரை அது. இன்று தஞ்சை வயலில் புகுந்திருப்பது மனைப்பிரிவு என்னும் யானை. அதனை வெளியேற்றிக் கட்டுத்தறியிற் கட்டுதல் தமிழர் கடன்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!