கோடு கிழிப்பது யார்?

(கடற்கரையூர் ஒன்றில் நடந்த பொதுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "கடலோர மக்களும் கலையும்" என்பதாகும். நான் சங்கீதமோ சித்திரமோ கற்ற வித்துவானல்ல. கலையின் பேரால் நமது ஜனங்களுக்கு இதுவரை என்ன புகட்டப்பட்டு வந்திருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தவன் என்கிற ஒரே யோக்கியதையில்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

கடல் ஏறி வருகிறது என்பதில் இனிச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்திருப்பதாக ஐக்கிய நாடுகளின் காலநிலை விஞ்ஞானக் குழு 2021-ல் கணக்குக் கொடுத்திருக்கிறது. அதிலும் 2006-க்குப் பின் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியிருக்கிறது. காரணமும் ரகசியமல்ல. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்த புகை பூமியைச் சூடாக்குகிறது. சூடேறினால் தண்ணீர் விரிகிறது. மலைகளிலும் துருவங்களிலும் கிடக்கும் பனி உருகிக் கடலில் வந்து சேருகிறது. இதில் வருணனுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆனால் நமது கலைகள் கடலைப் பற்றி நமக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கின்றன? அகத்தியன் சமுத்திரத்தை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தானாம். இராமன் வில்லை எடுத்தவுடன் சமுத்திரராஜன் கைகட்டி வந்து நின்றானாம். பரசுராமன் கோடரியை வீசினானாம், கடல் பின்வாங்கிற்றாம். இந்தக் கதைகளைப் பாட்டாகவும் கூத்தாகவும் காலட்சேபமாகவும் ஆயிரக்கணக்கான இரவுகள் கேட்டவனுடைய மனதில் என்ன தங்கும்? கடலுக்கு ஒரு ராஜன் இருக்கிறான், அவனை அடக்க ஒரு அவதாரம் வர வேண்டும், மீன் பிடிக்கிற நமக்கு அதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதுதானே தங்கும்?

புராணிகர்கள் போகட்டும். இந்தக் காலத்துப் படித்தவர்கள் செய்வதையும் பாருங்கள். பட்டணம் முழுவதும் தண்ணீரில் முழுகுவது போலவும், மாடி வீடுகள் சரிவது போலவும், ஜனங்கள் அலறுவது போலவும் படம் எழுதியும் சினிமா எடுத்தும் காட்டுகிறார்கள். உலகத்தை விழிக்கச் செய்வதற்காக என்கிறார்கள். கோயில் சுவரில் எண்ணெய்க் கொப்பரையும் எமதூதரும் எழுதி வைத்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். அந்த நரகப் படத்தைப் பார்த்து யாராவது யோசிக்க ஆரம்பித்ததுண்டா? பயந்தவன் உண்டியலில் காசு போட்டான், அவ்வளவுதான்.

அப்படியானால் கலையே கூடாதென்கிறீரா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள்.

நியூயார்க் நகரத்தில் ஈவ் மோஷர் என்று ஒரு கலைஞர், ஒரு பெண்மணி. 2007-ல் அவர் செய்த காரியம் இது. விளையாட்டு மைதானத்தில் எல்லைக்கோடு போடுகிற வண்டி இருக்கிறதல்லவா, சுண்ணப் பொடியைக் கொட்டி உருட்டிக்கொண்டு போவது, அந்த வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். கடல்மட்டத்துக்கு 10 அடி உயரத்திலுள்ள நிலம் எங்கெங்கே போகிறது என்று படத்தைப் பார்த்துக்கொண்டார். பெரும்புயல் வந்தால் கடல் அதுவரை ஏறும் என்பதும், பூமி சூடாகச் சூடாக அப்படிப்பட்ட வெள்ளம் அடிக்கடி வரும் என்பதும் விஞ்ஞானிகள் எழுதி வைத்த கணக்கு. அந்த உயரத்திலேயே தெருத் தெருவாக, கடை வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும், சுமார் 70 மைல் கோடு போட்டுக்கொண்டே நடந்தார். மாதக் கணக்கில் நடந்தார். "என்னம்மா இது, தெருவில் கோடு கிழிக்கிறாய்?" என்று ஜனங்கள் கேட்பார்கள். வண்டியை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொல்லுவார். அதுதான் அவருடைய கலை. அதில் சாமியும் இல்லை, அலறலும் இல்லை.

(இலட்சுமணன் சீதைக்குக் கிழித்த கோடு என்று நம் பெண்கள் காலில் கட்டியிருக்கிறார்களே, அது வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. இல்லாத கோட்டுக்கு இத்தனை காலம் பெண்கள் அடங்கிக் கிடந்தார்கள். இந்த அம்மாள் தெருவில் இறங்கி ஊருக்கே கோடு போட்டார்.)

2012 அக்டோபர் 29-ஆம் தேதி சாண்டி என்ற புயல் அந்த நகரத்தில் கடலைக் கொண்டு வந்து கொட்டிற்று. அவர் கோடு போட்ட பகுதிகளில் பலவற்றில் தண்ணீர் புகுந்தது. நகரத்தில் மட்டும் 43 பேர் மாண்டார்கள். கோடு வெள்ளத்தைத் தடுத்ததா என்றால் தடுக்கவில்லை. சுண்ணப் பொடி தடுக்கும் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் 2013-ல் மயாமி நகரத்தில் இதே காரியம் நடந்தபோது அந்தந்தத் தெருக்காரர்களே வண்டியைத் தள்ளினார்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு என்பவர்கள் எண்ணூருக்கு வாருங்கள். 2017 ஜனவரியில் "சென்னை புறம்போக்குப் பாடல்" என்று ஒரு பாட்டு வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி. பாடியவர் கர்நாடக சங்கீத வித்துவான் டி.எம். கிருஷ்ணா. சபா மேடையில் தெய்வங்களைத் துதித்து வந்த ராகங்களை எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கொண்டுவந்து, சென்னைப் பேச்சுத் தமிழில், அனல்மின் நிலையத்துச் சாம்பல் பாழாக்கிய ஆற்றைப் பற்றிப் பாடினார். அதே மாதம் 28-ஆம் தேதி எண்ணூருக்கு எதிரே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் அப்பிற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். ஆகவே பாட்டினால் ஆறு சுத்தமாகிவிட்டது என்று யாரும் ஏமாற வேண்டாம்.

ஆனால் அந்தச் சொல்லை யோசித்துப் பாருங்கள். புறம்போக்கு என்றால் தனியொருவன் பட்டாவில் சேராத பொது நிலம். ஏரியும், மேய்ச்சல் தரையும், உங்கள் வலை உலருகிற மணலும் புறம்போக்கு. அதை ஒரு வசவாக்கிவிட்டார்கள். நிலத்துக்கு இழிவுப் பேர் வைத்தால் அதில் குப்பை கொட்டலாம். மனிதனுக்கு இழிவுப் பேர் வைத்தால் அவன் தலையில் எதையும் கொட்டலாம். சாதி நடத்துகிற வித்தை இதுதானே! அந்தச் சொல்லை மேடையேற்றிப் பெருமையாகப் பாடியது நம்முடைய சுயமரியாதை வேலை.

நிற்க. முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மத்திய சர்க்காரின் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பில் "அபாயக் கோடு" என்று ஒன்று இருக்கிறது. கடல்மட்டம் உயர்வதையும் கரை அரிப்பையும் கணக்கிட்டு, தண்ணீர் எதுவரை வரக்கூடும் என்று இந்திய நில அளவைத் துறை வரைந்த கோடு. இங்கே கூடியிருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம். (ஒருவரும் தூக்கவில்லை.) உங்கள் வீட்டு வழியாகப் போகிற கோடு உங்களுக்குத் தெரியாமல் அலுவலகப் படத்தில் இருக்கிறது.

கோடு அவர்கள் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? சுனாமிக்குப் பிறகு 2005-ல் போட்ட உத்தரவு ஞாபகமிருக்கிறதா? கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போகிறவனுக்குப் புது வீடு. உள்ளேயே இருப்பேன் என்கிறவன் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ள வேண்டியது, உதவிப் பணம் கிடையாது. பாதுகாப்பு என்று சொல்லி வலைக்காரனைக் கிளப்பிவிட்டு, அதே மணலில் உல்லாச விடுதி வந்தால் அதுவா பாதுகாப்பு?

ஆதலால் அடுத்த திருவிழாவுக்கு நாடகத்துக்கும் வாணவேடிக்கைக்கும் வசூல் செய்யும்போது ஒரு சிறு பங்கை எடுத்து வையுங்கள். அபாயக் கோட்டின் படத்தை மனுப் போட்டு வாங்குங்கள். வாடைக் காலத்தில் அலை எதுவரை வந்தது, எந்த வருஷம் எந்த வீடு போயிற்று என்று உங்கள் பெரியவர்களைக் கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு எந்த அதிகாரியிடமும் இல்லை. இரண்டையும் ஊர்ப் பிள்ளைகளும் பெண்களும் சேர்ந்து வீட்டுச் சுவர்களில் நீல வர்ணத்தில் எழுதட்டும். குடிசையில் எழுதுவது போலவே விடுதி மதிலிலும் அனுமதி கேளுங்கள். மறுத்தால், ஏன் மறுத்தான் என்று அதற்கு எதிரே தெருவில் எழுதுங்கள். எழுதிய பிறகு கிராம சபையைக் கூட்டி, யார் போக வேண்டும், யார் இருக்கலாம், தூண்டில் வளைவு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அந்தச் சுவரின் முன் நின்று தீர்மானம் போடுங்கள். வர்ணமும் தூரிகையும் வாங்க முதல் பத்து ரூபாய் நான் தருகிறேன். யார் கணக்கு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், மேடைக்கு வாருங்கள்.