ஊசி போட்ட இரவில் வரும் காய்ச்சல்

(கொட்டாஞ்சேனையில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் பேசியது)



கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் வேலை பார்க்கிற நம்ம தோட்டத்துப் பிள்ளைகளையும், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரையும் ஒன்றாகக் கண்டதில் எங்களுக்குச் சந்தோஷம். இன்று நாங்கள் பேச வந்தது வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற விடயம்: சிபிலிஸ் என்கிற பால்வினை நோய்.

இது கிருமியால் வருவது. பெனிசிலின் ஊசியால் குணமாகும். ஆரம்பத்திலேயே கண்டால் ஒரு தடவை மருந்து போதும். நாட்பட்டுப்போனால் வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று வாரம் போட வேண்டும்.

ஊசி போட்ட சில மணித்தியாலங்களில் சிலருக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைச்சல் வரும். உடம்பில் உள்ள தடிப்புகூடக் கொஞ்சம் கூடும். உடனே, "ஊசி ஒத்துக்கல, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று நின்றுவிடுகிறோம். அங்கேதான் பிழை. மிச்ச ஊசியை விட்டால் நோய் உள்ளேயே தங்கிவிடும்.

பல நாள் கூட்டாத காம்பராவைக் கூட்டினால் தூசி கிளம்பும், தும்மலும் வரும். அதற்காக விளக்குமாறை வீசிவிடுவோமா? அதுபோலத்தான் இதுவும். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அவற்றின் துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை எதிர்த்து உடம்பு கொதிக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். பெனிசிலின் வருவதற்கு முன்பே, பாதரச மருந்து கொடுத்த காலத்தில், 1895இல் ஆஸ்திரியாவில் யாரிஷ் என்ற வைத்தியரும் 1902இல் ஜெர்மனியில் ஹெர்க்ஸ்ஹைமர் என்ற வைத்தியரும் இதை எழுதிவைத்தார்கள். எலிக்காய்ச்சலுக்கு மருந்து எடுக்கும்போதும் சிலருக்கு இப்படி வருவதுண்டு.

பனடோல் குடித்து, நிறையத் தண்ணீர் குடித்து, ஓய்வெடுங்கள். ஆனால் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் அரித்துத் தடித்தால், முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், அது வேறு. அது மருந்து ஒவ்வாமை. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஊசிக்குப் பிறகு காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தாலும், பிள்ளை அசைவது குறைந்தாலும் உடனே போக வேண்டும்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்று தந்தது. கிளினிக்கில் இரத்தம் கொடுத்து, மருந்தை முடித்த தாய்மாருக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. கணவன்மாரும் கூடப் போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரசாங்க கிளினிக்கில் காசு வாங்குவதில்லை, யாருக்கும் சொல்வதுமில்லை.

ஒரு இரவுக் காய்ச்சலுக்குப் பயந்து அடுத்த ஊசியை விடாதீர்கள்.