கைப்போனில் கடை, கொப்பியில் கணக்கு
(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நாங்கள் வன்னியிலிருந்து வந்திருக்கிறோம். என்றாலும் உங்களுக்கு அந்நியர் அல்ல. 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள்தான் எங்களில் பலர். எங்கள் பாட்டிமாரும் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள்தான்.

2009இல் யுத்தம் முடிந்து, முகாம்களிலிருந்து ஊர் திரும்பியபோது எங்களுக்குக் கைகொடுத்தது பனை. பனம் விதையைப் பாத்தியில் போட்டால் தை, மாசியில் கிழங்கு எடுக்கலாம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தானே விளையும்? சந்தைக்குக் கொண்டு போனால் விலை விழுந்துவிடும். அதனால்தான் வெளியூர் ஆட்களைத் தேடி பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் படம் போடத் தொடங்கினோம்.

முதலில் இரவில் பல்ப் வெளிச்சத்தில் படம் எடுத்தோம். வெள்ளை மா மஞ்சளாகத் தெரிந்தது. விலையும் போடவில்லை, கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டோம். லைக் நிறைய வந்தது, வாங்கியவர்கள் மூன்று பேர்தான்! பிறகு காலை வெளிச்சத்தில் படம் எடுத்து, நிறை, விலை, பார்சல் செலவு, செய்த தேதி நான்கையும் எழுதினோம். அதன் பிறகுதான் ஆட்கள் கேட்டு வாங்கினார்கள்.

நாங்கள் ஏமாந்த கதையையும் சொல்லவேண்டும். ஒருவர் காசு போட்டதாக வங்கிச் சிட்டையின் படம் அனுப்பினார். நம்பி ஐந்து கிலோ ஒடியல் மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். காசு வரவே இல்லை. இப்போது கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகுதான் பார்சல் கட்டுகிறோம். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. பேங்கிலிருந்து பேசுகிறோம் என்றாலும் சரிதான்.

இன்னொன்று. இந்தக் கடை நிற்கும் நிலம் நம்முடையது அல்ல. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதலின் பின் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் பல நாள் தடை செய்தது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி உலகம் முழுவதுமே ஆறு மணித்தியாலமளவில் இரண்டும் நின்றுபோயின. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இங்கே மறுபடியும் தடை. அப்படி ஒருநாள் பார்சல் கட்டிவைத்துவிட்டு, யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் முழித்தோம். பெயரும் விலாசமும் போனுக்குள்தானே இருந்தன! மறுநாளே எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினோம். வாங்குபவரின் பெயர், ஊர், இலக்கம், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் எல்லாம் அதில் ஏறும். படம் போடாவிட்டாலும் போன் எடுத்து, “அக்கா, புழுக்கொடியல் வந்திருக்கு, வேணுமா?” என்று கேட்கலாம். இன்றைக்கு எங்களிடம் திரும்பத் திரும்ப வாங்குபவர்கள் அந்தக் கொப்பியில் இருப்பவர்கள்தான்.

உங்களிடம் வீட்டுத் தோட்டத்து மரக்கறி இருக்கும், தையல் வேலை தெரிந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவற்றைப் படம் போடுங்கள். கொழுந்தையோ தேயிலைத் தூளையோ போட்டுவிடாதீர்கள், அது தோட்டத்துச் சொத்து, வீண் வழக்கு வரும். மகளின் படிப்புக்கு வாங்கிய டேட்டாவை வீடியோ பார்த்தே முடித்துவிடாமலும் இருக்கவேண்டும். இது தகப்பன்மாருக்கு!

கொப்பியை அந்த மேசையில் வைத்திருக்கிறோம். கோடு போட்ட விதத்தை வந்து பாருங்கள். பெயர், இலக்கங்களைக் கடதாசி ஒட்டி மறைத்திருக்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.