பிடிக்கச் சொன்னது சட்டம். அடிக்கச் சொன்னது யார்?



காவல்துறையைத் திட்டுவதற்காகவே இந்த மேடை போடப்பட்டிருக்கிறது என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் திட்டு உங்களுக்கும் எனக்கும்தான்.

செல்பேசியில் சுற்றுகிற அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அரசு மருத்துவமனைத் தரையில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கையில் மாவுக்கட்டு. சில நேரம் காலிலும் மாவுக்கட்டு. தலை குனிந்திருக்கும். மன்னிப்புக் கேட்டுக் கும்பிடச் சொல்லியிருப்பார்கள். ஒரு கை மட்டும் எழுந்திருக்கும். கீழே செய்தி: போலீசைக் கண்டு ஓடியவர் பாலத்திலிருந்து குதித்தார், கை முறிந்தது. இன்னொரு நாள்: கழிவறையில் வழுக்கி விழுந்தார், கை முறிந்தது. எந்த ஊர்ப் பாலமானாலும் முறிவது கைதான். காவல் நிலையக் கழிவறையில் ஆய்வாளர் வழுக்கினார், ஏட்டையா வழுக்கினார் என்று ஒரு செய்தி வந்ததுண்டா? இது என் கேலி இல்லை. 2025-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமே ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டது.

நீதிமன்றம் கேட்கிறது. நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம். ‘சரியான சிகிச்சை’ என்று எழுதி நாலு பேருக்கு அனுப்புகிறோம். நாம் கைதட்டுகிற ஒவ்வொரு முறையும், அடித்தவருக்கு ஓர் அனுமதிச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறோம். அந்தச் சீட்டில் ரவுடி பெயர் மட்டும் எழுதியிருக்காது. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகத்தான் இருக்கும். நாளைக்கு அதில் யார் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.

எழுதினார்கள், தோழர்களே! 2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். செல்பேசிக் கடை வைத்திருந்த மகன், அவருடைய தந்தை. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பது குற்றச்சாட்டு. இருவரையும் அழைத்துப் போனார்கள். முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? இருவரும் தரையில் உருண்டு புரண்டார்களாம். அதனால் ஊமைக்காயம் ஏற்பட்டதாம்!

பக்கத்துக் கடையில் ஒரு கண்காணிப்புக் கேமரா இருந்தது. அதற்குச் சம்பளமும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது. பார்த்ததை அப்படியே சொன்னது. தந்தை காவல் வாகனத்தை நோக்கிப் போகிறார். மகன் கடையிலிருந்து வெளியே வந்து போகிறார், திரும்புகிறார், பிறகு இரு சக்கர வாகனத்தில் கிளம்புகிறார். உருளலும் இல்லை, புரளலும் இல்லை. ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 விடிவதற்குள் தந்தையும் போய்ச் சேர்ந்தார். தெருவில் நடக்காத உருளலைக் காகிதத்தில் நடத்தியவர்கள், நிலையத்துக்குள் நடந்ததைக் காகிதத்தில் காட்டவில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயமும்கூட. ‘அப்படியானால் அரிவாளோடு நிற்பவனை மாலை போட்டா கூப்பிட வேண்டும்?’ வேண்டாம். களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் 2020 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டது ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர். 2021 நவம்பரில், ஆடு திருடிக்கொண்டு ஓடியவர்களைத் தனியாளாகத் துரத்திப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவர் திருச்சி நவல்பட்டுக் காவல் நிலையத்துச் சிறப்பு உதவி ஆய்வாளர். அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் உயிரைக் காத்துக்கொள்ளப் பலம் பிரயோகிக்கக் கூடாது என்று இந்த மேடையில் எவரும் பேசவில்லை.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, அதன் 43-ஆம் பிரிவு. கைதை எதிர்த்துத் திமிறினால், தப்ப முயன்றால், கைது செய்வதற்குத் தேவையான எல்லா வழியையும் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்ல உரிமை இல்லை என்று அதே பிரிவு கட்டுப் போடுகிறது. அடுத்து 46-ஆம் பிரிவு. தப்பாமல் இருக்க எவ்வளவு கட்டுப்பாடு தேவையோ, அதற்கு மேல் கூடாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற விதி இது. பிரிவு எண் மாறியிருக்கிறது, விதி மாறவில்லை.

ஆக, கோடு எங்கே இருக்கிறது? ஆள் பிடிபட்டு, இரண்டு கையும் காவலர் பிடிக்குள் வந்த நொடியில் இருக்கிறது. அந்த நொடி வரை விழுவது கைதுக்கான பலம். அதற்குப் பிறகு விழுகிற முதல் அடி கைது இல்லை, தண்டனை. தண்டனை கொடுக்க நீதிபதி இருக்கிறார். அவர்கூட ஒருவர் கையை முறிக்கச் சொல்லித் தீர்ப்பு எழுத முடியாது! நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தைத் தெருமுனையில் நிற்கிற ஒரு லத்திக்கு யார் கொடுத்தது?

அந்த லத்தி யார் மேல் விழுகிறது என்பதையும் பாருங்கள். 2021 ஜூன் 22. சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச் சாவடி. மது வாங்கிக்கொண்டு திரும்பிய மளிகைக் கடைக்காரர் ஒருவரை, நடுரோட்டில், லத்தியால் அடிக்கிறார்கள். கூட இருந்தவர் எடுத்த காணொளியில் ஊரே பார்த்தது. மறுநாள் உயிர் போனது. 2022 ஏப்ரல் 18 இரவு. சென்னை கெல்லீஸ் பகுதியில் வாகனச் சோதனை. ஆட்டோவில் வந்த இளைஞரைப் பிடிக்கிறார்கள். மெரினா கடற்கரையில் குதிரை ஓட்டிப் பிழைத்தவர். மறுநாள் காலை பிணம். உடற்கூறாய்வில் 13 காயங்கள். வழக்கு கொலை வழக்காக மாறி, காவலர்களே கைதானார்கள்.

2025 ஜூன், சிவகங்கை மாவட்டம் மடப்புரம். காளி கோயிலுக்குச் சாமி கும்பிட வந்தவர் காரில் நகை காணாமல் போனது என்று புகார். கோயில் காவலாளியான 27 வயது இளைஞரைத் தனிப்படை கொண்டுபோகிறது. கோயில் அலுவலகத்துக்குப் பின்னால் அவர் அடிபடுகிற காட்சியை ஒருவர் மறைந்து நின்று படம் எடுத்தார். அந்தப் படம் இல்லாவிட்டால் இதுவும் ஒரு ‘வலிப்பு’, ஒரு ‘வழுக்கல்’ என்று முடிந்திருக்கும். இறந்தவர் உடலில் 44 காயங்கள். கொலைகாரன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. முதலமைச்சர் இறந்தவரின் தாயிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். முறையான அனுமதி இல்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி உத்தரவு போனது. அதுவரை அவை எந்த அனுமதியில் ஓடின என்று யாராவது கேட்டோமா?

மளிகைக் கடைக்காரர், குதிரை ஓட்டுகிறவர், கோயில் காவலாளி. இந்தப் பட்டியலில் ஒரு வங்கியை ஏமாற்றியவர் இருக்கிறாரா? மணல் அள்ளி ஆற்றை மொட்டையடித்தவர் இருக்கிறாரா? அவர்கள் கைதானால் நெஞ்சுவலி வரும், மருத்துவமனையில் தனி அறை கிடைக்கும். பாலம், வழுக்கல் எல்லாம் வக்கீல் வைக்க வசதியில்லாதவனுக்கு.

‘அடித்தால்தானே உண்மை வரும்’ என்று இன்னொரு வாதம். வரட்டும், வந்து என்ன பயன்? காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. இது இன்று நேற்று வந்த விதி இல்லை. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது, இன்றைய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. அடி தாங்காதவன் செய்யாததையும் செய்தேன் என்பான். உண்மையான திருடன் ஊர் சுற்றிக்கொண்டிருப்பான். மடப்புரத்தில் 44 காயமும் போட்ட பிறகு நகை கிடைத்ததா?

அந்த 1872 சட்டத்தை எழுதியவர்களுக்கு நம் மண்ணின் அனுபவம் இருந்தது. 1854-இல், சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்க மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. விசாரிக்க ஓர் ஆணையம் போட்டார்கள்; வாக்குமூலம் வாங்கச் செய்கிற சித்திரவதையையும் அது விசாரித்தது. மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் குடியானவர்கள் நடந்தே வந்து முறையிட்டார்கள். விரலைக் கிட்டியில் வைத்து நெரிப்பது, தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைப்பது, எல்லாம் 1855-ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. வருவாய்த்துறையிலிருந்து போலீசைப் பிரித்து, 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டமே வந்தது. அன்னியன் ஆட்சியே வெட்கப்பட்ட ஒரு காரியத்தை, ஓட்டுப் போட்டு ஆட்சி அமைக்கிற நாம் விசிலடித்து வரவேற்கிறோம்!

தோழர்களே, அடிக்கிற காவலர் மட்டும் இதில் குற்றவாளி இல்லை. ‘நாளைக்குள் ஆளைக் கொண்டு வா’ என்று மேலிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தக் குரலுக்கு மேலே இன்னொரு தொலைபேசி ஒலிக்கிறது. தூக்கமில்லாமல் பந்தோபஸ்து பார்த்துவிட்டு வந்த காவலர் கையில் வழக்கைத் திணித்தால், விசாரணைக்கு நேரம் ஏது? லத்திதான் குறுக்கு வழி. பிணம் விழுந்தால், மேலிருந்து பேசிய குரல் மட்டும் குற்றப்பத்திரிகைக்கு அபூர்வமாகத்தான் வரும்.

இந்தச் சங்கிலியை அறுக்க இரண்டு நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறது சட்டம். ஒன்றில் அரசு மருத்துவர், இன்னொன்றில் மாஜிஸ்திரேட். கைதானவரை மருத்துவர் பரிசோதித்துக் காயத்தை எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் இந்த இரண்டு நாற்காலிகளையும் கடந்துதான் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போனார்கள். ரத்தத்தில் நனைந்த லுங்கியை மாற்ற மாற்ற மறுபடி நனைந்தது என்று குடும்பத்தார் கதறினார்கள். மருத்துவர் கண்ணில் படவில்லையா? ஒரே ஒரு கேள்வி, ‘உன்னை யாராவது அடித்தார்களா?’ என்று உரியவர் நேருக்கு நேர் பார்த்துக் கேட்டிருந்தால், இரண்டு உயிர் மிஞ்சியிருக்கும்.

சாத்தான்குளம் நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் பார்த்ததைச் சொன்னார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்று சொன்னார். சக காவலர்கள் வெளியே நிற்கும்போது சொன்னார். காக்கிச் சட்டைக்கு மரியாதை தேடித் தந்தவர் அவர்தான். அந்த நிலையத்துக் கேமராவோ, பதிவானதைத் தினமும் தானே அழித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது.

என்ன கேட்கிறோம்? புதிதாக ஒன்றும் இல்லை. ஏற்கெனவே எழுதி வைத்ததைக் கொடு என்கிறோம். கைது செய்ய வருகிற ஒவ்வொருவர் சட்டையிலும் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பை அந்த இடத்திலேயே எழுதி, உறவினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட 11 கட்டளைகளில் இவையெல்லாம் உண்டு. இன்று சட்டப் பிரிவாகவே இருக்கின்றன. காவல் நிலையம் முழுக்கக் கேமரா, பதிவு குறைந்தது ஓராண்டு பத்திரம் என்று 2020 டிசம்பரில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனை நிலையத்தில் நடக்கிறது என்று அரசு பட்டியல் வெளியிடட்டும்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது. இன்று வரை ஏற்புறுதி செய்யவில்லை. சித்திரவதைத் தடுப்புச் சட்டம் கொண்டு வா என்று 2017-இல் சட்ட ஆணையம் மசோதாவையே எழுதிக் கொடுத்தது. டெல்லியில் தூங்குகிறது. காவல்துறை மாநிலப் பட்டியல். டெல்லி தூங்கினால் கோட்டை ஏன் தூங்க வேண்டும்?

உங்களிடமும் மூன்று கேட்கிறேன். தெருவில் ஒருவரைப் பிடித்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். குறுக்கே பாயாமல், எட்டி நின்று படம் எடுங்கள். பொதுத் தெருவில் அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. பிடிபட்டவரின் வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். முதல் 24 மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது, ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலில் நிறுத்திக் கேளுங்கள். ‘உங்கள் ஆட்சியில் காவலில் ஒருவர் செத்தால், உத்தரவு போட்ட அதிகாரி மேல் வழக்குத் தொடர அனுமதி கொடுப்பீர்களா, மாட்டீர்களா?’ எந்தக் கட்சியாக இருந்தாலும் இதே கேள்வி. சாத்தான்குளமும் மடப்புரமும் வேறு வேறு ஆட்சியில் நடந்தவை, அடி ஒன்றுதான்.

பிடிக்கச் சொன்னது சட்டம். அடிக்கச் சொன்னது நம் கைதட்டல். சட்டத்தை மாற்ற சட்டமன்றம் வேண்டும். கைதட்டலை நிறுத்த இந்தக் கூட்டம் போதும். நிறுத்துங்கள்! பிறகு பாருங்கள், பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்.