மாலுமியின் சாட்சியம்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் விபத்தொன்று நேர்ந்தபின், அவ்விடத்தில் நின்ற உயர் அதிகாரி ஒருவர் பேச முன்வந்தால் அவர் சொல்லே முடிந்த முடிபு என்று நாம் கொண்டுவிடுகிறோம். இவ்வழக்கம் எத்துணைப் பிழைபட்டது என்பதை டைட்டானிக் கப்பலின் வரலாறு காட்டுகிறது.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு அட்லாண்டிக் கடலில் அக்கப்பல் பனிப்பாறை மீது மோதியது. மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். உயிர் பிழைத்த அதிகாரிகளுள் பதவியில் மூத்தவர், இரண்டாம் அதிகாரியான சார்லஸ் லைட்டாலர். இறுதிவரை கப்பலில் நின்று படகுகளை இறக்கியவர் அவர். பின் கடலில் விழுந்து, கவிழ்ந்து கிடந்த படகொன்றின் முதுகில் ஏறி, மற்றவர்களோடு விடியுமளவும் நின்றார். அவருடைய வீரத்தில் நமக்கு ஐயமில்லை.

அமெரிக்க செனட் குழுவும், லண்டனில் மெர்சி பிரபு தலைமையில் அமைந்த விசாரணை மன்றமும் அவரை நெடுநேரம் வினவின. கப்பல் இரண்டாகப் பிளந்ததா என்ற வினாவிற்கு, இல்லை, முழுமையாகவே மூழ்கியது என்று அவர் உறுதியாக விடையளித்தார். எட்வர்டு புலி என்ற சாதாரண மாலுமியோ, கப்பல் முறிந்தது என்று செனட் குழுவிடம் கூறினார். பயணிகளுள் ஜாக் தேயர் என்ற பதினேழு வயது இளைஞரும் அவ்வாறே சொன்னார். எனினும் கப்பல் பிளக்கவில்லை என்றே மெர்சி பிரபுவின் அறிக்கை முடிவு செய்தது.

எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1985 செப்டம்பர் 1ஆம் நாள், ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. முன்பகுதி ஓரிடத்திலும், பின்பகுதி அதற்குச் சுமார் 600 மீட்டர் அப்பாலும் கிடந்தன. மாலுமியும் இளைஞரும் சொன்னதே மெய்யாயிற்று.

அப்படியாயின் லைட்டாலர் பொய்யுரைத்தாரா? அவ்வாறு கூற நாம் துணியவில்லை. நிலவற்ற இரவு, கப்பலின் விளக்குகள் அணைந்துவிட்டன, அவரோ உறைகுளிர் நீரில் உயிருக்குப் போராடியவர். மூன்றாம் அதிகாரி பிட்மனும் அவரைப் போலவே எண்ணினார். தவறாகக் கண்டவர் தாம் கண்டதே சரியென்று மனமார நம்புதல் இயல்பு.

ஆனால், கப்பலின் வேகத்தைப் பற்றிய அவரது சாட்சியம் வேறு வகையினது. பனிப்பாறைகள் உள்ள பகுதியை அன்றிரவு நெருங்குவோம் என்பதை அவர் அறிந்திருந்தார்; பத்து மணி வரை மேற்பார்வை அவருடையதே. வானம் தெளிவாயிருந்தால் வேகத்தைக் குறைக்காமல் செல்வதே வழக்கம் என்று மன்றத்தில் அவர் வாதாடினார். வேகம் மிகுதி என்று கண்ட மன்றம், நெடுங்கால வழக்கத்தைப் பின்பற்றியதற்காகக் கப்பல் தலைவரைக் குற்றவாளி எனக் கொள்ளவில்லை. சாட்சி கூறியபோது லைட்டாலர் அந்தக் கப்பல் கம்பெனியின் ஊழியர் என்பதை நாம் மறத்தலாகாது. 1935இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், லண்டன் விசாரணை குறைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையாக இருந்தது என்ற கருத்துப்பட அவரே எழுதினார்.

ஒரே மனிதர், ஒன்றில் கண் பிழைத்தது, மற்றொன்றில் கடமைப்பற்று நாவைக் காத்தது. ஆகவே சாட்சியத்தை முழுவதுமாக ஏற்பதும் முழுவதுமாகத் தள்ளுவதும் முறையாகா. இவர் நின்ற இடத்திலிருந்து இதைக் கண்டிருக்க இயலுமா? இச்சொல்லால் யாருக்கு நன்மை? வேறு எவர் இதற்கு மாறாகக் கூறினார்? இம்மூன்று வினாக்களையும் ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியே எழுப்ப வேண்டும்.

பதவியின் உயரத்தைக் கொண்டு மெய்யை அளந்ததால், எளிய மாலுமியின் சொல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது. நாளை ஒரு விபத்தைக் குறித்து நாம் விசாரிக்க நேர்ந்தால், கடைசி வரிசையில் நிற்பவனையும் அழைத்துக் கேட்போமாக.