கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்கு

(காரைக்குடி வட்டார விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பகுதியில் மானாவாரி நெல்லைப் புழுதியில் விதைத்தால், அது களத்துக்கு வருவது தை மாதத்தில்தான். கார்த்திகையிலும் மார்கழியிலும் களையெடுப்புக்கும் மேலுரத்துக்கும் கையிலிருந்து பணம் போகிறதே தவிர வருவதில்லை. அந்த நேரத்தில் விற்கக்கூடிய ஒரு சிறு சரக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அது கிறிஸ்துமஸ் மரம்.

மேல்நாடுகளில் இதற்கென்றே குடும்பப் பண்ணைகள் உண்டு. அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டிலேயே நியூஜெர்சியில் ஒரு விவசாயி இதற்காக ஸ்புரூஸ் கன்றுகளை நட்டார். அங்கே டிசம்பர் மாதத்தில் குடும்பத்தோடு பண்ணைக்குப் போய், தங்களுக்குப் பிடித்த மரத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்து வெட்டி வருகிறார்கள். ஃபிர், ஸ்புரூஸ், பைன் ஆகியவை அங்குள்ள மரங்கள். ஃபிர் மரம் ஆள் உயரம் வருவதற்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். குளிர் தேசத்து மரமான அது நம் செம்புறை மண்ணில் வராது. அதற்குக் கன்று தருகிறேன் என்று யாராவது வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் அந்த வேலையை நெடுங்காலமாகச் செய்து வருவது சவுக்கு. ஊசி போன்ற பசுமை, கூம்பு போன்ற அமைப்பு, மெல்லிய கிளை எல்லாம் அதற்கு இருக்கின்றன. நாம் இலை என்று நினைக்கும் அந்த ஊசி உண்மையில் இலை அல்ல. பச்சை நிறமுள்ள சிறு கிளை. அதன் கணுக்களில் பல் போல ஒட்டியிருப்பவைதான் இலை. வறட்சியைத் தாங்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஃபிர் பத்தாண்டில் தருவதைச் சவுக்கு ஓராண்டில் தந்துவிடும். தண்ணீர் மட்டும் குறையாமல் இருந்தால் நட்ட அடுத்த டிசம்பரில் மரம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும்.

ஏற்கெனவே கழிக்கோ காகித ஆலைக்கோ சவுக்கு போட்டிருப்பவர்கள் அந்தத் தோப்புக்குள்ளிருந்தே மரத்தைப் பிடுங்கி விற்றால் என்ன என்று கேட்பார்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,800 மரங்கள் நிற்கும். அறுவடையில் 40 டன் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மரத்தின் பங்கு ஏறத்தாழ 22 கிலோ. அந்த 22 கிலோவுக்கு ஆலை தரும் விலை என்ன என்று பாருங்கள். கிறிஸ்துமஸ் வியாபாரி அதற்குக் குறைவாகக் கேட்டால் மரம் நிற்கட்டும். அவர் கொஞ்சம் கூடுதலாகவே தந்தாலும், நெருக்கமான தோப்புக்குள் நிற்கும் மரம் கிறிஸ்துமசுக்கு நன்றாக அமையாது. வெளிச்சம் கிடைக்காத அடிக்கிளைகள் காய்ந்து, மேலே ஒரு கொத்து மட்டும் பச்சையாக நிற்கும்.

ஆகவே தோப்பை விட்டுவிடுங்கள். வரப்போரம் ஆறடிக்கு ஒரு கன்றாக ஒரே வரிசை வையுங்கள். ஒரு ஏக்கரைச் சுற்றி வைத்தால் 140 கன்றுகள் வரை பிடிக்கும். முதல் ஆண்டில் அத்தனையும் வேண்டாம், ஐம்பது போதும். விற்கும்போது ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால், மீதி மரங்கள் பன்னிரண்டு அடி இடைவெளியில் காற்றுத் தடுப்பாக நின்று பின்னால் கழிக்கு ஆகும். ஒரு சொல் எச்சரிக்கை: பக்கத்து வயல்காரரின் வரப்பில் வைக்காதீர்கள். சவுக்கின் வேர் அவருடைய நெல்லின் ஈரத்தை இழுக்கும், நிழலும் விழும். ஐம்பது மரத்துக்காக ஆயுள் முழுதும் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகள் உண்டு. பாதைப் பக்கமோ கண்மாய்ப் பக்கமோ வைப்பது நல்லது.

எந்தச் சவுக்கு? ஜுங்குனியானா சவுக்கிலும் ஒட்டுச் சவுக்கிலும் தேர்ந்தெடுத்த குளோன் கன்றுகள் இப்போது கிடைக்கின்றன. கழிக்கும் கூழுக்கும் அவை சிறந்தவை. நேரான தண்டுக்காகவும் மெல்லிய கிளைக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை. கழிக்கு எது நிறையோ அது இங்கே குறை. நமக்கு வேண்டியது அடியிலிருந்தே கிளை விட்டுப் பரவும் மரம். ஆகையால் விதையிலிருந்து எழுந்த நாட்டுச் சவுக்குக் கன்றையே நான் சொல்வேன்.

செம்புறை மண்ணில் கீழே கெட்டித் தட்டு இருக்கும். ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, அந்தத் தட்டை உடைத்து, மணலும் தொழு உரமும் கலந்து நிரப்பி, ஐப்பசி மழையில் நடவேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது, மரம் மஞ்சளித்துவிடும். சவுக்கின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தருகிறது. சவுக்கே பார்க்காத நிலத்தில் அது இருக்காது. பழைய தோப்பின் அடிமண்ணில் ஒரு கூடை கொண்டுவந்து நாற்றுப் பைகளில் கலந்துவிடுங்கள். செலவில்லாத உரம் இது. யூரியாவை அள்ளி வைத்தால் மரம் நெட்டையாக வளர்ந்து சாயும்.

முதல் கோடையில் வாரம் ஒரு முறை தண்ணீர் விடவேண்டும். ஆடு வாய் வைத்தால் அந்த மரம் அதோடு சரி. முள் அடைப்பது கட்டாயம்.

உருவம் அமைப்பதுதான் இதில் விவசாயி கூலி வாங்கும் இடம். கன்று மூன்று நான்கு மாதத்தில் இரண்டு தலையாகப் பிரிந்தால் ஒன்றைக் கிள்ளிவிடுங்கள். ஆனியில் ஒரு முறையும் ஆவணியில் ஒரு முறையும் பக்கக் கிளைகளில் நீண்டு ஓடுபவற்றின் நுனியை மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குப் பின்னால் பல சிறு கிளைகள் வெடித்து மரம் அடர்த்தியாகும். அடிக்கிளையைத் தொடவேண்டாம், நடுத்தலையைத் தொடவே கூடாது. புரட்டாசிக்குப் பிறகு கத்தரி வேண்டாம். அப்போதுதான் புதுத் தளிர் வெட்டுக்காயத்தை மூடும்.

தேர்ந்தெடுக்கும்போது வாங்குபவர் கண்ணால் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே கிளை தொடங்கவேண்டும். நான்கு புறமும் சுற்றி வந்து பார்த்தால் பெரிய ஓட்டை தெரியக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் குறை என்றால் தள்ளவேண்டாம், சுவரோரம் வைப்பவர்களுக்கு ஆகும். தண்டைப் பிடித்து உலுக்கினால் பழுப்பு ஊசிகள் கொட்டுகிற மரம் வேண்டாம். நட்சத்திரம் தொங்கவிட நடுத்தலை விறைப்பாக நிற்கவேண்டும். வீட்டுக்கு ஐந்தடி, ஆறடி போதும். தேவாலயங்களுக்குப் பத்தடிக்கு மேல் கேட்பார்கள். அதற்கு இரண்டாம் ஆண்டு மரம். சருகணி, இடைக்காட்டூர், தேவகோட்டை போன்ற ஊர்களின் பங்குத்தந்தையரையும் பள்ளிகளையும் நவம்பர் மாதத்திலேயே போய்க் கேட்டு, எத்தனை மரம் என்று தெரிந்துகொண்டு வெட்டுங்கள். வெட்டிவிட்டு ஆள் தேடினால் டிசம்பர் 26ஆம் தேதி அது விறகு.

தோப்பு அறுவடைக்கு வந்துவிட்டதென்றால் இன்னொரு வழியும் உண்டு. டிசம்பர் இரண்டாம் பாதியில் வெட்டினால், சுள்ளி விலைக்குப் போகும் நுனிப்பகுதியில் நன்றாக இருப்பவற்றை ஆறடி நீளத்துக்கு எடுத்து விற்கலாம். ஆனால் மழை ஈரத்தில் லாரி இறங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நிற்கும் சவுக்குகளில் மட்டும் கை வைக்காதீர்கள். புயலைத் தடுக்க வளர்க்கப்பட்டவை அவை.

வெட்டிய சவுக்கு சீக்கிரம் வாடும். கிறிஸ்தவ வீடுகளில் ஜனவரி 6ஆம் தேதி மூன்று ராசாக்கள் திருநாள் வரை மரத்தை வைப்பவர்கள் உண்டு. எனவே 22, 23 தேதிகளுக்கு முன் வெட்டவேண்டாம். விடியற்காலையில் வெட்டி, ஈரச்சாக்கு சுற்றி நிழலில் வைத்து, அடியை ஒரு அங்குலம் புதிதாக அறுத்துக் கொடுங்கள். வாளியில் ஈரமணல் நிரப்பி நட்டுத் தினமும் தண்ணீர் விடும்படி சொல்லுங்கள். பச்சையாகவே எரியும் விறகு சவுக்கு. காய்ந்த மரத்தின் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது.

தொட்டிச் செடியாகக் கேட்பவர்களுக்கு அரக்கேரியா இருக்கிறது. மெதுவாக வளரும், விலை அதிகம். அதன் பக்கக் கிளையை நட்டு வேர் பிடிக்க வைத்தால் செடி ஆயுள் முழுதும் பக்கவாட்டிலேயே வளரும், நிமிராது. வாங்குவோர் தண்டு நேராகவும் கிளைகள் அடுக்கடுக்காகவும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்தத் தொழிலை நர்சரிக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

வெட்டிய இடத்தில் மறுபடியும் கன்று வைக்காதீர்கள். இருபுறமும் நிற்கும் மரங்களின் நிழலில் அது கோணலாகும். அடுத்த ஆண்டுக்கான வரிசையை இன்னொரு வரப்பில் அந்த ஐப்பசியிலேயே வைத்திருக்கவேண்டும்.